பத்மராகம்

தாமரைக்கு எத்தனை நிறம் என்று கேட்டால், வெண்டாமரை, செந்தாமரை என்று இரண்டைச் சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் குளக்கரையில் நின்று பார்த்தவர்க்குத் தெரியும், செந்தாமரை என்று நாம் சொல்லும் பூ உண்மையில் சிவப்பே அன்று. இதழின் நுனியில் ரோஜா வண்ணம். அடிப்பகுதிக்கு வர வர அது வெளுத்து, நடுவிலுள்ள பொகுட்டின் மஞ்சளோடு கலந்து, பெயர் சொல்ல இயலாத ஒரு நிறமாகிவிடுகிறது. அந்த நிறத்தில் மண்ணுக்குள் ஒரு கல் விளைகிறது. இலங்கையில் அதற்குப் பத்மராகம் என்று பெயர். அச்சொல்லே ஐரோப்பியர் வாயில் அகப்பட்டு, 'பட்பரட்ஷா' என்று உருக்குலைந்து, இன்று உலகச் சந்தையில் வழங்குகிறது.

'பத்மராகம் என்றால் மாணிக்கம் அல்லவா?' என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது சரியே. வடமொழி இரத்தின நூல்களில் பத்மராகம் என்பது செந்நிற மாணிக்கத்தையே குறிக்கும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடை வீதியைக் கோவலன் பார்த்து வரும் பகுதியில், மாணிக்கத்தின் வகைகளுள் ஒன்றாகப் பதுமம் சொல்லப்படுகிறது. இலங்கையிலோ அதே பெயர், இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் சமமாகக் கலந்த ஓர் அரிய கல்லுக்கு உரியதாயிற்று. ஆக, பெயர் ஒன்று, பொருள் இரண்டு. வெறும் சொல்லாராய்ச்சியாக இருந்தால் இதைத் தமிழ்த்துறைக்கே விட்டிருப்பேன். ஆனால் இந்தக் கல்லின் வாணிபத்தில் கல்லைவிடப் பெயருக்குத்தான் விலை அதிகம். ஒரே எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்றை 'இளஞ்சிவப்பு நீலம்' என்றும் மற்றொன்றைப் 'பத்மராகம்' என்றும் எழுதிவிட்டால், விலை பல மடங்கு வேறுபடும். ஆகவே அந்தப் பெயரை யார் கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகிறது.

என் ஊர் கோட்டக்குப்பம். புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில், எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று புதியவர்க்குப் புலப்படாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். பிழைப்புக்குக் கடல் கடப்பது எங்கள் ஊரில் பழைய பழக்கம். இன்று வளைகுடாவும் பிரான்சும். முன்னாளில் கொழும்பும் சிங்கப்பூரும் மலாயாவும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, விழுப்புரத்தில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு போய்விடலாம். அப்படிப் போனவர்கள் திரும்பும்போது விரலில் ஒரு மோதிரம் போட்டு வந்தார்கள். அவற்றுள் பலவற்றில் ஒரு ரோஜா நிறக் கல் இருக்கும். வீட்டில் அதற்கு 'ரோஸ் கல்' என்று பெயர். அவ்வளவுதான் தெரியும். அது குளத்துத் தாமரையா, காகிதப் பூவா என்று யாரும் கேட்டதில்லை.

பத்மராகமும் மாணிக்கமும் நீலமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். மூன்றும் இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் அமைந்த அலுமினியம் ஆக்சைடு. இந்தக் கனிமத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் 'கொரண்டம்'. நம்மவர்க்கு இதில் ஒரு பெருமை உண்டு: அது 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. 1798-இல் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி இலண்டனில் கட்டுரை எழுதினார். அக்காலத்திலேயே இச்சொல் அங்கே குடியேறிவிட்டது.

குருந்தத்தை நம் முன்னோர் அணிந்ததைவிட அரைத்ததே அதிகம். கல்லைப் பொடியாக்கி, அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்து, கத்திக்குச் சாணை பிடித்தார்கள். மணி அறுப்பதும் பட்டை தீட்டுவதும் அதே பொடியால்தான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெண்பாறைக்குள் இளஞ்சிவப்புக் குருந்தம் முளை முளையாகப் பதிந்திருப்பதைப் புவியியல் மாணவர்கள் சென்று பார்ப்பதுண்டு. நிறம் அழகுதான், ஆனால் ஒளி ஊடுருவாது. எனவே அது மோதிரத்துக்கு ஆகாமல் சாணைக்கே போயிற்று. (அந்த வெண்பாறை நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 இறங்கு கலத்தைச் சோதிப்பதற்கான போலி நிலவு மண்ணுக்கு அங்கிருந்துதான் கல் எடுத்தார்கள். சாணைக்காரன் காலடியில் கிடந்த பாறைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!)

தூய அலுமினியம் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது, கண்ணாடி போலிருக்கும். நிறம் என்பது கலப்படத்தின் கொடை. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குரோமியம் அமர்ந்துவிட்டால் கல் சிவக்கிறது. நூற்றில் ஒரு பங்கு கூட வேண்டியதில்லை. குரோமியம் சற்று அதிகமானால் மாணிக்கம். மிகக் குறைந்தால் இளஞ்சிவப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே வரப்பு எங்கே என்பதில் கீழைநாட்டு வணிகர்க்கும் மேலைநாட்டு வணிகர்க்கும் நெடுங்கால வழக்கு. 'வெளிர் சிவப்பும் சிவப்புத்தானே' என்று இவர்கள் அதை மாணிக்கக் கணக்கில் சேர்ப்பார்கள். அவர்கள் நீலத்தின் கணக்கில் எழுதி 'இளஞ்சிவப்பு நீலம்' என்பார்கள். இளஞ்சிவப்பாக இருப்பதை நீலம் என்று அழைப்பது தமிழ்க் காதுக்கு வேடிக்கைதான். என்றாலும் சந்தையில் நிலைத்துவிட்டது.

பத்மராகத்தில் குரோமியத்தோடு இன்னொன்றும் சேருகிறது. மக்னீசியம் போன்ற ஓர் அணு அலுமினியத்தின் இடத்தைப் பிடிக்கும்போது, மின்னேற்றக் கணக்கில் ஒன்று குறைகிறது. அந்தக் குறை படிகத்துக்குள்ளேயே ஓரிடத்தில் தங்கி, நீல ஒளியை விழுங்கி, மஞ்சளை வெளியே விடுகிறது. விஞ்ஞானிகள் இதனை 'நிற மையம்' என்பார்கள். குரோமியத்தின் இளஞ்சிவப்பும் இந்த மையத்தின் மஞ்சளும் ஒரே கல்லில், ஒன்றை மற்றொன்று விழுங்காத அளவில், ஒன்றாக அமைய வேண்டும். இயற்கை அப்படி அளந்து போடுவது அபூர்வம். குரோமியத்தின் நிறம் நிலையானது. வெயிலுக்கும் விளக்குக்கும் அஞ்சாது. நிற மையம் அப்படியன்று, சில கற்களில் அது ஒளி பட்டால் கலைந்துவிடும். பின்னால் சொல்லப்போகும் ஒரு சங்கடத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கடினத்தில் குருந்தத்தை வெல்ல இயற்கையில் வைரம் ஒன்றுதான் பெயர் சொல்லும்படி இருக்கிறது. மோஸ் அளவையில் வைரம் 10, குருந்தம் 9. படிகத்தில் எளிதாகப் பிளக்கும் தளம் கிடையாது. எனவே தினமும் அணிவதற்கு ஏற்றது. தண்ணீரைப்போல் 4 மடங்கு எடை. ஒளிவிலகல் எண் 1.76-க்குச் சற்று மேல். கல்லுக்குச் சொல்லும் காரட் என்பது எடை. பொன்னுக்குச் சொல்லும் காரட் மாற்று. ஒரு காரட் 200 மில்லிகிராம். குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்து நிறுத்த நம் ஆசாரிகளுக்கு இது பெரிய மாற்றமாக இருந்திராது. எல்லாம் விதைக் கணக்குத்தான், காரட் என்ற சொல்லும் ஒரு மரத்தின் விதையிலிருந்து வந்ததே.

இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்தில் கல் எடுப்பது மலையைக் குடைந்து அன்று. பெரும்பாலும் வயலைத் தோண்டித்தான். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் மலையிலிருந்து உருட்டி வந்த சரளை, களிமண்ணுக்கு அடியில் ஒரு படிவாகக் கிடக்கிறது. அதற்கு அங்கே 'இல்லம்' என்று பெயர். சதுரக் குழி வெட்டி, மண் சரியாமலிருக்கக் கட்டை அடித்து, பெரணித் தழை செருகி, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இறங்குவார்கள். இல்லத்தை மேலே ஏற்றி, மூங்கில் கூடையில் இட்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அரிப்பார்கள். கனமான கற்கள் கூடையின் அடியில் தங்கும். நம் வீட்டில் அரிசி களைந்து கல் எடுப்பதன் மறுபக்கம் இது! இயந்திரம் வைத்து வாரி எடுக்க அங்கே கட்டுப்பாடு உண்டு. நிலத்துக்காரர், உரிமம் பெற்றவர், நீர் இறைக்கும் பொறி கொடுத்தவர், குழியில் இறங்குபவர் ஆகியோர் கிடைத்த கல்லின் விலையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கல் கிடைக்காத மாதங்களில் குழியில் இறங்குபவனுக்குச் சோறுதான் மிச்சம்.

அங்கிருந்து கல் தரகர் கைக்கு வருகிறது. கொழும்புக்குத் தெற்கே பேருவளையில் சீனன்கோட்டை என்று ஒரு சந்தை. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர் பல தலைமுறையாகக் கல் பார்த்துவரும் இடம். சிறு காகிதப் பொட்டலத்தில் கல்லை மடித்து, மேசை மேசையாகக் கொண்டுபோவார்கள். பழைய நாளில் பேரம் வாயால் நடவாது. துணிக்கடியில் இருவர் கையும் சேர்ந்திருக்கும். விரல்களை அழுத்தியே விலை சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்க்கு ஒன்றும் தெரியாது. நம் நாட்டில் வண்ணக் கற்களுக்குப் பெரிய சந்தை ஜெய்ப்பூர் ஜோஹரி பஜார்.

நல்ல வணிகன் கல்லைப் பகலில், சன்னலோரத்தில், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில் பார்ப்பான். காரணம் உண்டு. மஞ்சள் விளக்கின் கீழ் எந்த இளஞ்சிவப்புக் கல்லும் செம்மஞ்சள் பூசிக்கொள்ளும். அந்த நேரத்தில் அதைப் பத்மராகம் என்றால் நம்பத் தோன்றும். கடையில் மஞ்சள் விளக்கு போட்டிருப்பது பொன்னுக்காக மட்டும் என்று நாம் நினைத்திருந்தோம்.

எதைப் பத்மராகம் என்பது என்பதற்கு உலகின் பெரிய சோதனைக் கூடங்கள் கூடி ஒரு விதி செய்திருக்கின்றன. நிறம் இளஞ்சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில், மென்மையாக இருக்க வேண்டும். அடர்ந்த நிறம் ஆகாது. பழுப்புச் சாயல் கூடாது. நிறம் திட்டுத்திட்டாக இருக்கக்கூடாது. கல்லின் வெடிப்பில் துருவேறி, அதனால் மஞ்சளாகத் தெரிந்தால் அதுவும் செல்லாது. சாயம், பூச்சு, கதிர்வீச்சு எதுவும் கூடாது. கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மென்மை' எங்கே முடிகிறது என்பதை ஒரு மனிதக் கண்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு கூடம் பத்மராகம் என்றதை இன்னொரு கூடம் இளஞ்சிவப்பு நீலம் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. நியூயார்க் நகர இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் சுமார் 100 காரட் எடையுள்ள பத்மராகம் ஒன்று இருக்கிறது. அதனைப் பற்றி யாரும் வழக்காடுவதில்லை. மோதிரத்தில் இருக்கும் 2 காரட் கல்லுக்குத்தான் வழக்கு. 2018-இல் இங்கிலாந்து அரச குடும்பத்து யூஜெனி இளவரசியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் இக்கல் இருந்த படம் வெளியானபின், இந்தப் பெயரைக் கேட்டிராதவர்களும் கடைக்குப் போய்க் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பவர் பெருகினால் சந்தை சும்மா இருக்குமா?

சந்தை செய்யும் வேலைகளில் எல்லாமே மோசடி அன்று. இளஞ்சிவப்புக் கல்லில் ஒரு நீலச் சாயல் ஒட்டிக்கொண்டிருந்தால், கரித்தணலில் வைத்து ஊதுகுழலால் ஊதி அதை நீக்குவது இலங்கையில் பல நூற்றாண்டு வழக்கம். கல் அதே கல்தான். சூடு பட்டது என்று சொல்லி விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு. ஏனெனில் சூடு படாத கல்லுக்கு விலை கூடுதல்.

2001-ஆம் ஆண்டு இறுதியில் நடந்தது வேறு விவகாரம். தாய்லாந்திலிருந்து அருமையான செம்மஞ்சள் கற்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அபூர்வமாக இருந்த பத்மராகம் திடீரென்று எப்படிப் பெருகிற்று என்று எல்லாருக்கும் வியப்பு. 2002 தொடக்கத்தில் உண்மை வெளிவந்தது. பெரிலியம் கலந்த வைடூரிய இனக் கல்லை உடன் வைத்து, 1800 டிகிரி சென்டிகிரேடு அளவில் பல மணி நேரம் சூடேற்றியிருக்கிறார்கள். பெரிலியம் மிகச் சிறிய அணு. கல்லுக்குள் நுழைந்து, முன்னர்ச் சொன்ன மஞ்சள் நிற மையத்தைச் செயற்கையாக உண்டாக்கிவிட்டது. மலிவான இளஞ்சிவப்புக் கல் பத்மராகமாக வேடம் தரித்தது. பத்து இலட்சத்தில் சில பங்கே இருக்கும் பெரிலியத்தைப் பூதக்கண்ணாடியால் காண முடியாது. லேசர் ஒளியால் கல்லில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி அளவு ஆவியாக்கி ஆராயும் கருவி வேண்டும். அதுவரை அனுபவத்தை மட்டும் நம்பிய பெரிய வணிகர்களும் அன்றுமுதல் சோதனைக் கூடத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

அடுத்த சங்கடம் 2016-இல். மடகாஸ்கர் தீவில் அம்பத்தோந்திரசாக்கா என்னும் ஊர்ப்பக்கக் காட்டில் புதிதாகக் கல் கண்டெடுத்தார்கள். அங்கிருந்து வந்த பத்மராகங்கள் இயற்கையானவை; சூடும் படாதவை; நிறம் விதிக்குப் பொருந்தியது. சான்றிதழும் பெற்றன. ஆனால் நகையில் பதித்துச் சில வாரங்கள் ஆனதும் சிலவற்றில் செம்மஞ்சள் மறைந்து வெறும் இளஞ்சிவப்பு எஞ்சியது. இங்கே ஏமாற்றியவர் எவரும் இல்லை. மண்ணுக்கடியில் இருட்டில் இருந்த நிற மையம், பகலொளி பட்டதும் கலைந்துவிட்டது. புறஊதா ஒளி காட்டினால் செம்மஞ்சள் திரும்பி வரும். வெளிச்சத்தில் வைத்தால் மீண்டும் போய்விடும். இப்போது நல்ல கூடங்கள் கல்லைப் புறஊதா ஒளியிலும் பிறகு வலிய விளக்கொளியிலும் வைத்துப் பார்த்து, எஞ்சி நிற்கும் நிறத்தைக் கொண்டே பெயர் எழுதுகின்றன. அதற்கு முன் எழுதப்பட்ட சான்றிதழோடு ஒரு பத்மராகம் கைக்கு வந்தால், நிறம் நிலைத்ததா என்று மறுபடி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

செயற்கைக் கல்லும் புதிதன்று. 1902-இல் வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஆக்சைடுப் பொடியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் தீப்பிழம்பின் வழியே உதிர்த்து, சொட்டுச் சொட்டாக உறையவைத்துக் கல் வளர்க்கும் முறையை வெளியிட்டார். கொழும்புக்கு நம் ஊரார் கப்பல் ஏறிய நாளிலேயே இந்தக் கல்லும் கடைத்தெருவில் இருந்தது. திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. செயற்கைக் கல் என்று சொல்லி விற்றால் அதில் இழிவு ஒன்றுமில்லை. தாத்தா காலத்து மோதிரம் என்பதற்காக அது பூமியில் விளைந்தது என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகவே சொன்னேன்.

இவ்வளவும் நான் படிக்க நேர்ந்தது சும்மா அன்று. என் தாய்மாமன் மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது; கட்டணத்துக்கு வழியில்லை. பாட்டி, தம் தகப்பனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்த மோதிரத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு கடையில், "பொன்னுக்கு மட்டும் பணம், கல்லுக்கு ஒன்றுமில்லை" என்றார்கள். மறுநாள் ஒரு தரகர் வீட்டுக்கே வந்து, "இது பத்மராகம், பல இலட்சம் போகும், என்னிடம் கொடுங்கள், விற்றுத் தருகிறேன்" என்றார். ஒரே கல்லுக்கு ஒரே வாரத்தில் இரண்டு விலை: ஒன்று சுழி, மற்றொன்று கனவு. மாமா அதை என்னிடம் கொடுத்து, "நீ கெமிஸ்ட்ரி படிக்கிறவன்தானே, என்னன்னு பாரு" என்றார்.

ஆசாரியிடம் சொல்லிக் கல்லை மட்டும் கழற்றினோம். எங்கள் துறையின் நுண்தராசில் நிறுத்தபோது 0.432 கிராம், அதாவது 2.16 காரட். மெல்லிய நைலான் இழையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தபோது எடை 0.108 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 4.00. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பரீட்சைக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதற்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. ரோஜாப் படிகக்கல் என்றால் 2.65 வந்திருக்கும். இளஞ்சிவப்பு டூர்மலின் 3.06, ஸ்பினல் 3.60. எனவே இது குருந்தம். ஆனால் வெர்னாயின் கல்லும் குருந்தமே; அதற்கும் 4.00 தான் வரும். தராசால் அதற்கு மேல் சொல்ல முடியாது. பேராசிரியர் தாவரவியல் துறையில் நுண்ணோக்கி கேட்டு வாங்கித் தந்தார். செயற்கைக் கல் என்றால் உள்ளே வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழிகளோ தெரிய வேண்டும். எங்கள் கண்ணுக்கு மெல்லிய ஊசிகள், பட்டு நூலை வெட்டிப் போட்டதுபோல், ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கிடந்தன. அவை ரூட்டைல் என்னும் கனிமத்தின் ஊசிகள்; நிதானமாகப் பூமியில் விளைந்த கல்லின் அடையாளம். பேராசிரியர் கண்ணை எடுக்காமலே, "கல் பொய் சொல்லலப்பா" என்றார்.

பிறகு அதனை முறையான சோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். வந்த தாளில் எழுதியிருந்தது: இயற்கைக் குருந்தம், சூடு பட்ட அறிகுறி இல்லை, வகை, இளஞ்சிவப்பு நீலம். பத்மராகம் என்று சொல்வதற்கு வேண்டிய செம்மஞ்சள் அதில் இல்லை. தரகர் சொன்ன கனவும் போயிற்று. கடைக்காரர் போட்ட சுழியும் போயிற்று. அந்தத் தாளோடு மூன்று இடத்தில் விலை கேட்டு விற்றதில், இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்குப் பணம் வந்தது. மூன்றாம் ஆண்டுக்கு மாமா வேறு வழி பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டி மட்டும், "அதுல கொஞ்சம் மஞ்சளும் இருந்திருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விற்காமல் அணிந்திருப்பவர்க்குச் சில பராமரிப்புச் செய்திகள். குருந்தம் முரட்டுக் கல். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பல்துலக்கும் பிரஷும் போதும். பூந்திக்கொட்டை நீரும் நல்லதே. கடுமையான கல் என்பதால் அது தனக்குக் கெடுதி செய்யாது, பிறர்க்குச் செய்யும். முத்தோடும் பவழத்தோடும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் அவற்றைக் கீறிவிடும். வைரத்தோடு போட்டால் தானே கீறுபடும். தனித்தனித் துணியில் முடிந்து வைப்பதே சரி.

பழைய நகைகளில் கல்லின் பின்புறத்தைப் பொன்னால் மூடி, அடியில் வண்ணத் தகடு வைத்துப் பதிக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய நகையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நீர் உள்ளே புகுந்து தகடு கறுத்துவிடும். கல் ஒளியிழந்ததாகத் தோன்றும். சில சமயம் கல்லே வெள்ளைக் கல்லாக இருந்து, நிறம் முழுவதும் அந்தத் தகட்டினுடையதாக இருப்பதும் உண்டு. இவற்றை ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எலுமிச்சையும் புளியும் போட்டு நகை துலக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இயற்கையான குருந்தத்தை அவை ஒன்றும் செய்யா. ஆனால் 2004-க்குப் பிறகு சந்தைக்கு வந்த மலிவான மாணிக்கங்கள் பலவற்றில் வெடிப்புகளை ஈயக் கண்ணாடி ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். மறைந்திருந்த வெடிப்புகள் வெள்ளை வெள்ளையாக வெளிவரும்.

யாவற்றிலும் பெரிய ஆபத்து பட்டறையில் இருக்கிறது. மோதிரத்தைப் பெரிதாக்கவோ முறிந்ததை ஒட்டவோ கொடுக்கும்போது, ஆசாரி வெண்காரம் தடவி ஊதுவார். பொன்னுக்கு வெண்காரம் நண்பன்; சூட்டில் உருகிய வெண்காரம் குருந்தத்துக்குப் பகைவன். எந்த அமிலத்துக்கும் அசையாத கல்லின் மேற்பரப்பை அது கரைத்துப் பள்ளம் பள்ளமாக்கிவிடும். மறுபடி பட்டை தீட்டினாலொழிய அது போகாது. தீட்டினால் எடை குறையும். அதோடு, பற்றவைக்கும் தீயின் சூட்டில் கல்லின் நிறம் மாறுவதும் நேரக்கூடும். எனவே ஒட்டு வேலைக்குக் கொடுக்குமுன் கல்லைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும். கழற்றிப் பதிக்கும் கூலி கொஞ்சம்தான்.

வங்கியில் நகைக்கடனுக்குப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டுமே மதிப்புப் போடுவார்கள். கல்லைச் சோதிப்பது அவர்கள் வேலையன்று. பழைய நகையைக் கொடுத்துப் புதியது மாற்றும் கடையிலும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. வங்கியிலிருந்து நகை கல்லோடு திரும்பி வரும். கடையில் உருக்குவதற்காகப் பெயர்த்தெடுத்த கல்லை, கேட்டால்தான் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் எத்தனையோ ரோஸ் கற்கள் அப்படியே கடைக்காரர் மேசையில் தங்கிவிட்டன; அவற்றுள் செயற்கை எத்தனை, இளஞ்சிவப்பு நீலம் எத்தனை, பத்மராகம் ஏதேனும் இருந்ததா என்பது இனித் தெரியப்போவதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் பழைய நகை மாற்றப் போகிறவர் கையில் ஒரு சிறு காகிதத்தைக் கொடுத்தனுப்புங்கள், கல்லைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவர.